கொழுப்பு இருக்கு, எஸ்.என்.எஃப். இல்லையாம்!

கேள்வி: நாங்க மேலநீலிதநல்லூர் பக்கம். கிணறு, போர் எதுவும் கிடையாது. மூணு ஏக்கர் மானாவாரிக் கரிசல்தான். மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு போடுவோம். தொழுவில் ரெண்டு ஜெர்சி கலப்பு மாடு நிக்குது. இளையது ரெண்டாவது ஈத்து, கன்னு போட்டு நாலு மாசம். ரெண்டு வேளையும் சேத்து 8 லிட்டர் கறக்குது. பால் ஊத்துற இடத்துல கொழுப்பு 4.6 காட்டுது, ஆனா எஸ்.என்.எஃப். 7.8-ஐத் தாண்ட மாட்டேங்குது. 'தண்ணி ஊத்துறியா?'ன்னு கேக்குறாங்க. சத்தியமா ஒரு சொட்டு ஊத்தல. ரெண்டு தடவை சினை ஊசி போட்டும் நிக்கல. தீவனத்துலயும் குறை வைக்கல. அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வர்ற வைக்கோல் வயிறு முட்ட, நாளுக்கு 7 கிலோ இருக்கும். பருத்திக்கொட்டை ஒன்றரைக் கிலோ ஊறவச்சு அரைச்சு வைக்கிறேன். கோதுமைத் தவிடு ஒரு கிலோ, ரேஷன் அரிசிக் கஞ்சி ஒரு சட்டி. சோளம் விதைக்கலாம்னா, போன வருஷம் பக்கத்து வீட்டு மாடு சோளப்பயிரை மேஞ்சு அரைமணி நேரத்துல செத்துப்போச்சு. அசோலா வளர்த்தா போதும்னு சொல்றாங்களே, நெசமா? மூத்த மாடு மூணாவது ஈத்துக்கு ஏழு மாசச் சினை. 'பால் தராத மாட்டுக்குத் தீவனம் எதுக்கு'ன்னு மாமியார் சொல்றாங்க. நிறுத்திரலாமா?

— ஒரு வாசகி, மேலநீலிதநல்லூர்

பதில்: நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை என்பதற்கு உங்கள் கொழுப்புக் கணக்கே சாட்சி, அம்மா. தண்ணீர் கலந்தால் கொழுப்பும், கொழுப்பு நீங்கிய திடப்பொருளான எஸ்.என்.எஃப்.பும் சேர்ந்தே இறங்கும். ஒன்று 4.6-ல் நிற்க, மற்றது மட்டும் 7.8-க்கு விழுகிறது என்றால் குறை பெரும்பாலும் தீவனத் தொட்டியில்தான். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு கொழுப்பு 3.2, எஸ்.என்.எஃப். 8.3. முதலாவதில் தாராளமாகத் தேறுகிறீர்கள். இரண்டாவதில் அரை மதிப்பெண்ணில் போகிறது.

தீவனத்துக்குள் போகுமுன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். கறந்த சூட்டோடு லாக்டோமீட்டர் விட்டால் அளவு குறைத்தே காட்டும். பால் ஆறி, நுரை அடங்கிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, வெளியே தெரியாத மடிநோய். மடி வீங்காது, பால் திரியாது, ஆனால் எஸ்.என்.எஃப். மட்டும் சரியும். உங்கள் கால்நடை மருந்தகத்தில் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியாகச் சோதித்துச் சொல்வார்கள். இரண்டிலும் குறையில்லை என்றால் மேலே படியுங்கள்.

'தீவனத்துல குறை வைக்கல' என்று எழுதியிருக்கிறீர்கள். எடைக்குக் குறை இல்லைதான். உங்கள் மாடு சுமார் 350 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். (அளந்து பார்க்க ஆசையிருந்தால், முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து வால் எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 10,800-ஆல் வகுங்கள். சுற்றளவு 165, நீளம் 140 என்றால் 353 கிலோ.) அந்த எடை மாடு நாளுக்குப் பத்து கிலோ அளவுக்கு உலர்பொருள் தின்னும். நீங்கள் வைப்பதைக் கூட்டினால் ஒன்பதை நெருங்குகிறது. ஆனால் அதிலுள்ள புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். 7 கிலோ வைக்கோலும் சேர்ந்து தருவது கால் கிலோகூட இல்லை. பருத்திக்கொட்டை இன்னொரு கால் கிலோ. தவிட்டில் 150 கிராம் தேறினால் அதிகம். ஆக மொத்தம் 600 கிராம் சொச்சம். தன் உடம்பையும் காத்து 8 லிட்டர் பாலும் தர அதற்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். மாட்டுக்கு வயிறு நிறைந்திருக்கிறது, பசி தீரவில்லை.

இதில் வைக்கோலின் பங்கு பெரிது. நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாரைச் செரித்து மாட்டுக்குச் சக்தி தருவதும், பிறகு தாங்களே செரிக்கப்பட்டுப் புரதமாவதும் அவைதான். தின்னும் தீவனம் மொத்தத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை பெருகாது. பெருகாவிட்டால் வைக்கோல் செரிக்க நாளாகும். செரிக்காத வைக்கோல் வயிற்றிலேயே கிடந்தால் மாடு அடுத்த வாய் எடுக்காது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு 'வயிறு முட்டத் தின்னுது' என்கிறீர்கள். உங்கள் கணக்கு அந்த 7 சதவீத விளிம்பில்தான் நிற்கிறது.

பருத்திக்கொட்டையைப் பழிக்க மாட்டேன். கரிசல்காட்டு மாட்டுக்கு அது பரம்பரைத் தீனி. ஆனால் அதிலிருந்து பாலுக்குப் போவது முக்கியமாக எண்ணெய். பாலில் கொழுப்பு ஏறும், சரி. எண்ணெயை வைத்து அந்த நுண்ணுயிர்களால் பிழைக்க முடியாது. அவற்றுக்குத் தேவை உடைத்த தானியத்தில் இருக்கும் மாவுச்சத்தும், புண்ணாக்கிலும் பயறு வகையிலும் இருக்கும் புரதமும். எஸ்.என்.எஃப். என்பதே பாலிலுள்ள புரதமும் பால் சர்க்கரையும் தாதுக்களும்தான். அவை வரவேண்டிய வாசலை அடைத்து வைத்துவிட்டு, கொழுப்பு வரும் வாசலை மட்டும் திறந்து விட்டிருக்கிறீர்கள்.

சினை நிற்காததும் இதே கதையின் அடுத்த அத்தியாயம். கன்று போட்டபின் பால் ஏறும் வேகத்துக்குத் தீவனம் ஈடுகொடுக்காவிட்டால் மாடு தன் உடம்பைக் கரைத்துப் பாலாக ஊற்றும். பின்பக்கம் போய் நின்று பாருங்கள்: இடுப்பு எலும்பு இரண்டும் முளையடித்தது போல் நிற்கிறதா, விலாவில் நாலைந்து எலும்பை எண்ண முடிகிறதா? அப்படியென்றால் இப்போதைக்குச் சினை ஊசிக்குக் கொடுக்கும் காசு வீண். முதலில் உடம்பு தேறட்டும். தேறியபின் காலையில் கத்தினால் அன்று மாலையும், மாலையில் கத்தினால் மறுநாள் காலையும் ஊசி போடுங்கள். அதற்கு முன் கருப்பையை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

இனி என்ன வைக்கலாம்? 100 கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் 40 கிலோ, கடலைப் புண்ணாக்கு 27, உளுந்தம் பொட்டோ துவரம் பொட்டோ 15, தவிடு 15, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. மக்காச்சோளம் உங்கள் வீட்டிலேயே விளைகிறது. பொட்டு பக்கத்துப் பருப்பு மில்லில் கிடைக்கும். கடையில் வாங்க வேண்டியது புண்ணாக்கும் தாது உப்பும்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தானே தயாரிக்கும் தாது உப்புக் கலவை 'தானுவாஸ்' பெயரில் வருகிறது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் அவர்களுடைய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

அளவு எப்படி என்றால், உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அதற்குமேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 8 லிட்டர் மாட்டுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ வரும். அதில் பருத்திக்கொட்டை ஒரு கிலோ இருக்கட்டும், மீதி மூன்றரை இந்தக் கலவை. வைக்கோலை 4 கிலோவாகக் குறைத்து, கடலைக்கொடியோ உளுந்தங்கொடியோ 2 கிலோ சேருங்கள். புரதம் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். எதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய தீவனத்துக்குப் பழகிய நுண்ணுயிர்கள் புதியதற்குப் பழகப் பத்துப் பதினைந்து நாள் ஆகும்.

மக்காச்சோளத்தை முழுசாக வைக்காதீர்கள். சந்தேகமிருந்தால் ஒரு கைப்பிடி சாணியைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசிப் பாருங்கள். முழு மணி முழு மணியாக மேலே நின்றால், மாடு தின்றதை அப்படியே உங்களிடம் திருப்பித் தந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்காக மாவாகவும் அரைக்க வேண்டாம். குருணையாக உடைத்தால் போதும்.

ரேஷன் அரிசிக் கஞ்சியை நிறுத்துங்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. வெந்த அரிசி முதல் வயிற்றுக்குள் போனதும் மளமளவென்று புளித்து அமிலமாகும். தினமும் ஒரு சட்டி என்றால் நாள்பட நார் செரிப்பது கெட்டு, கொழுப்பும் இறங்கிவிடும். ஒரேயடியாக அண்டா நிறையப் போனால் மாடே போய்விடும். ஒவ்வொரு பொங்கல் முடிந்ததும், கல்யாண வீட்டுப் பந்தி முடிந்ததும், மீந்த சோற்றைத் தின்று வயிறு உப்பி, அசை நின்று, தள்ளாடி வரும் மாடுகளைப் பார்க்காத கால்நடை மருத்துவர் நம் பக்கம் கிடையாது. மாட்டுப்பொங்கல் அன்று ஆசைக்கு ஒரு உருண்டை ஊட்டுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

புண்ணாக்கு வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். கடலைப் புண்ணாக்கிலும் ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் ஒருவகைப் பூசணம் வளரும். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு நிற்காமல் பாலிலும் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க எடுத்து, 2019-ல் வெளியிட்ட பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 5.7 சதவீதம் இந்த நஞ்சின் வரம்பைத் தாண்டியிருந்தன. அப்படித் தாண்டியவை அதிகம் வந்த மாநிலம் நம் தமிழ்நாடு. 'பூத்துப் போச்சு, மாட்டுக்குத்தானே' என்று தள்ளிவிடுவது சுற்றி வந்து பிள்ளைகளின் டம்ளரில்தான் நிற்கும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள், சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள்.

சோளத்துக்கு வருவோம். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் முடிவு தவறு. இளஞ்சோளப் பயிரில் உள்ள ஒரு பொருள் மாட்டின் வயிற்றில் சிதைந்து சயனைடாக மாறும். ரத்தத்தில் பிராணவாயு இருக்கும், உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போய்விடும். அதனால்தான் அந்த மாட்டின் வாயைத் திறந்து பார்த்தால் ஈறு செக்கச்செவேல் என்றிருக்கும். மூச்சுத் திணறும், நுரை தள்ளும், கால் பின்னும், விழுந்துவிடும். சரியான நேரத்தில் டாக்டர் வந்து சோடியம் தயோசல்ஃபேட் ஊசியை நரம்பில் ஏற்றினால் பிழைக்கும். அந்த நேரம்தான் பெரும்பாலும் கிடைக்காது.

எந்தச் சோளம் கொல்லும் என்பது தெரிந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. முழங்கால் உயரத்துப் பயிர் ஆகாது. மழையில்லாமல் வாடிச் சுருண்ட பயிர் ஆகாது. எல்லாவற்றையும்விட மோசமானது, வாடிக் கிடந்துவிட்டு ஒரு மழைக்குத் திடீரென்று பச்சைப் பசேலென்று துளிர்ப்பதும், அறுத்த தாளின் கட்டையிலிருந்து கிளம்பும் மறுதுளிரும். பார்க்க இளசாக, மாட்டுக்கு எச்சில் ஊறும்படி இருக்கும். பக்கத்து வீட்டு மாடு தின்றதும் அநேகமாக இந்த மாதிரிப் பயிராகத்தான் இருக்கும்; நம் பக்கம் மழை விட்டு விட்டுப் பெய்வதால் இந்தச் சாவு இங்கே சகஜம். பயிர் ஐம்பது நாளைத் தாண்டி, பாதிக்குமேல் பூவெடுத்த பிறகு அறுங்கள். அறுத்து இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துங்கள், நஞ்சு பெருமளவு போய்விடும். காய்ந்த நாத்துக்கட்டில் பயமே இல்லை. நம் தாத்தாக்கள் காளைகளுக்கு வருஷம் முழுக்கப் போட்டது அதைத்தானே? அறுப்பு முடிந்த சோளக்காட்டில் மட்டும் மாட்டை அவிழ்த்து விடாதீர்கள்.

நம் கரிசல் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. தென்காசியில் சாரல் அடிக்கும் மாதங்களில் இங்கே காற்றுதான் அடிக்கும், காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நமக்கு மழை என்பது ஐப்பசியும் கார்த்திகையும். ஆகவே சித்திரையில் மாடு என்ன தின்னும் என்பதைப் புரட்டாசியிலேயே முடிவு செய்ய வேண்டும். நான் உங்களிடத்தில் இருந்தால் மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கரைத் தீவனத்துக்கு ஒதுக்குவேன். அதில் மூன்று வரிசை சோளத்துக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு. மழை ஒழுங்காகப் பெய்தால் இரண்டு டன் காய்ந்த தட்டைக்குக் குறையாது. இரண்டு மாட்டுக்கும் நாளுக்கு ஐந்தைந்து கிலோ என்றால் வருஷத் தேவை சுமார் மூன்றரை டன். பாதிக்குமேல் வீட்டிலேயே வந்துவிடுகிறது. மீதிக்கு, கதிர் ஒடித்தபின் காட்டில் விட்டுவிடுகிறீர்களே, அந்த மக்காச்சோளத் தட்டை இருக்கிறது. படைப்புழுவுக்கு மருந்து அடித்திருந்தால், மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் கழிந்த பிறகே வெட்டுங்கள். உளுந்து, பாசிப்பயறு அடித்த களத்தில் மிஞ்சும் கொடியை ஆட்டுக்கிடைக்காரருக்கு விட்டுவிடாதீர்கள். லாரி வாடகை கொடுத்து வாங்கும் வைக்கோலைப் போல அதில் இரண்டு மடங்குக்குமேல் புரதம் இருக்கிறது.

தட்டையை ஓர் அங்குலத் துண்டாக நறுக்கிப் போட்டால்தான் மாடு அடித்தண்டையும் சேர்த்துத் தின்னும். முழுசாகப் போட்டால் தோகையை உருவிவிட்டுத் தண்டைக் காலில் மிதிக்கும். நறுக்கும் இயந்திரம் இரண்டு மாட்டுக்குத் தனியாகக் கட்டுபடியாகாது. நாலு வீடு சேர்ந்து வாங்குங்கள்.

பச்சைக்கு வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் நடுங்கள், ஓரமாகக் கிடக்கும் பத்து சென்ட்டில் கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவுங்கள். மூன்றும் வறட்சி தாங்கும். கம்பு நேப்பியர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏக்கருக்கு வருஷம் 150 டன் என்பதெல்லாம் நிறையத் தண்ணீர் பாய்கிற தோட்டத்துக் கணக்கு. உங்களுக்கு மாடு கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் இரண்டு மூன்று சென்ட் போட்டால் போதும்.

அசோலா கெட்டதல்ல. ஆனால் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்குக்குமேல் தண்ணீர். இரண்டு கிலோ அள்ளிப் போட்டாலும் மாட்டுக்குக் கிடைக்கும் புரதம் முப்பது கிராமை ஒட்டித்தான். நூறு கிராம் கடலைப் புண்ணாக்கு அதைவிட அதிகம் தரும். குடிதண்ணீருக்கே குடம் வைத்துக் காத்திருக்கும் ஊரில் அதற்குத் தொட்டி கட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். 8 லிட்டர் மாட்டுக்கு வெயில் காலத்தில் நாளுக்கு 70, 80 லிட்டர் வேண்டும். இரண்டு வேளை வாளியில் காட்டிவிட்டு எடுத்துவிடாமல் தொட்டியில் எப்போதும் நிற்கும்படி வையுங்கள். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்தே பால் கூடிய வீடுகள் உண்டு.

கடைசியாக மூத்த மாடு. மாமியார் சொல்வதில் பாதி சரி. பாலை வற்றடிக்கும் அந்தச் சில நாள் மட்டும் கலவைத் தீவனத்தைக் குறைக்கத்தான் வேண்டும். மடி சுருங்கியபின் நிறுத்தக் கூடாது. வயிற்றுக் கன்று வேகமாக வளர்வது கடைசி இரண்டு மாதத்தில்தான். அடுத்த கறவைக்கு மடி தயாராவதும் அப்போதுதான். தட்டை, கொடியோடு நாளுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ கலவை கொடுங்கள். இப்போது மிச்சம் பிடித்தால் கன்று போட்ட பிறகு லிட்டர் கணக்கில் விடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்றாவது ஈற்றிலிருந்து, அதிலும் ஜெர்சி ரத்தம் ஓடும் மாட்டுக்கு, பால் காய்ச்சல் வரும் வாய்ப்பு அதிகம். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது, சில்லிட்டுப் போகும். சீம்பாலுக்குச் சுண்ணாம்புச் சத்து மடமடவென்று இறங்க, ரத்தத்தில் அது தட்டுப்பாடாகி மாடு படுத்துவிடும். 'முன்கூட்டியே கால்சியம் டானிக் ஊற்றிவிட்டால் ஆச்சு' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கடைசி மூன்று வாரம் சுண்ணாம்புச் சத்தை அள்ளிக் கொடுத்தால் எலும்பிலிருந்து அதை எடுக்கும் பழக்கத்தை உடம்பு மறந்துவிடும். கன்று போட்ட அன்று திடீரென்று தேவைப்படும்போது எடுக்கத் தெரியாது. அதனால் அந்த மூன்று வாரம் டானிக் வேண்டாம். அகத்தி, வேலிமசாலையும் குறைத்துவிடுங்கள். கன்று விழுந்த நாளிலிருந்து எல்லாம் கொடுக்கலாம். முதல் மூன்று நாள் கண் வைத்திருங்கள். மாடு எழுந்திருக்க முடியாமல், கழுத்தை மடக்கித் தலையை விலாமேல் சாய்த்துப் படுத்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருபக்கமாகச் சாய்ந்துவிடாமல் நெஞ்சுமேல் படுக்கும்படி வைக்கோல் மூட்டையை அணைகொடுத்துவிட்டு உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற எண்ணையும் அடித்துக் கேளுங்கள். கால்சியம் நரம்பில் ஏறினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்து நின்று சாணி போடும்.